சேமிப்புக்கு எந்த இடம், பங்குச்சந்தையில் எந்த வழி: ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கையேடு

1926-இல் கரூர் வணிகர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு தடைக்காலம் விதித்தது. கணக்கு வைத்திருந்தவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை வந்தது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்துடன் அது இணைக்கப்பட்டது. சேமிப்புக் கணக்கிலும் நிரந்தர வைப்பிலும் பணம் போட்டிருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதே வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. இவ்விருவருக்கும் நடுவில் இன்னொரு தரப்பும் இருந்தது: கூடுதல் வட்டியை எண்ணி அவ்வங்கியின் இரண்டாம் அடுக்குக் கடன் பத்திரங்களை, அதாவது வங்கி நொடித்தால் வைப்பாளர்களுக்குப் பின்னரே பணம் கிடைக்கும் பத்திரங்களை, வாங்கியவர்கள். சுமார் 318 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தப் பத்திரங்களும் பூஜ்யமாக்கப்பட்டன.

ஒரே வங்கிக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒரு தரப்புக்கு முழுத் தொகையும் திரும்பி, மற்ற இரு தரப்புக்கு எதுவும் திரும்பாமல் போனதற்கு அவரவர் எந்த உரிமையில் கொடுத்தார் என்பதே காரணம். எனவே "எஃப்டி (நிரந்தர வைப்பு) 7 சதவீதம், மியூச்சுவல் ஃபண்ட் (பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிதி) 12 சதவீதம், மைத்துனர் சொன்ன பங்கு 40 சதவீதம்" என்று எண்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பது ஒப்பீடே ஆகாது. பணம் எப்போது வேண்டும், நட்டம் வந்தால் யார் தாங்குவது, வரியும் கட்டணமும் போகக் கைக்கு எவ்வளவு மிஞ்சும் ஆகிய மூன்றையும் முதலில் தீர்த்துக்கொண்டால், பெரும்பாலான குழப்பங்கள் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். கீழே உள்ளவை இந்தியாவில் வசிக்கும், மாதச் சம்பளமோ சிறு வியாபாரமோ உள்ள ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

தேதியிலிருந்து தொடங்குங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் பணம் தேவைப்படும் தேதி, வலப்பக்கம் தொகை. மகளின் கல்லூரிக் கட்டணம் 2029 ஜூன், வீட்டுக்கு வெள்ளையடிப்பது அடுத்த தை, ஓய்வுக்காலம் 2042 என்ற அளவுக்குத் துல்லியம் போதும். திடீர்ச் செலவுக்கான பணத்துக்குத் தேதி கிடையாது. அது நாளைக்கே தேவைப்படலாம் என்று கொள்ள வேண்டும். மூன்று முதல் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு இணையான தொகை அதற்குப் போதுமானது என்பது பொதுவான கணக்கு. வருமானம் சீராக வராத தொழிலில் இருப்பவர் ஆறு மாதத்துக்கும் மேலாக வைத்துக்கொள்வதே நல்லது.

ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் எந்தத் தொகையையும் பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இது அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று தோன்றலாம். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160 அளவுக்கு இறங்கியது. அது மீண்டும் 21,000-ஐத் தொடுவதற்கு 2010 நவம்பர் வரை ஆயிற்று. அந்த உயரத்தைக் கடந்து நிலைகொண்டதோ 2013-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில்தான். உச்சத்தில் முதலீடு செய்த ஒருவருக்கு, ஈவுத்தொகையை (நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் பணத்தை) கணக்கில் கொள்ளாவிட்டால், போட்ட பணம் மட்டும் திரும்ப வருவதற்கே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பிடித்தன. 2020-இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஜனவரி நடுவில் 12,362-இல் இருந்த தேசியப் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-க்கு விழுந்து, அதே ஆண்டு நவம்பரில் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டில் சந்தைக்குள் வந்த ஒரு தலைமுறை, சரிவு என்றால் எட்டு மாதத்தில் ஆறிவிடும் காயம் என்று பழகிவிட்டது; என் பார்வையில் அதுதான் அவர்களுக்கு வாய்த்த மிகத் தவறான பாடம். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 இறுதியில் எட்டிய உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். நீண்ட காலம் என்பதற்கு எல்லா நாட்டிலும் ஒரே அளவு இல்லை.

சேமிப்பை வைக்கும் இடங்கள்

வங்கியில் வைக்கும் பணத்துக்கு, வைப்புத்தொகைக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீடு உண்டு. 1993 முதல் 1 லட்சம் ரூபாயாக இருந்த இந்த வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமானது. ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் என்பதே விதி; ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்து வைத்தாலும் எல்லாம் சேர்த்தே கணக்கிடப்படும். கணவர் பெயரில் தனியாக உள்ள கணக்கும், கணவன் மனைவி கூட்டாக வைத்துள்ள கணக்கும் வேறு வேறு உரிமையாகக் கருதப்படுவதால் அவற்றுக்குத் தனித்தனி வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி ஒரு வங்கியின் மீது பணம் எடுக்கத் தடை விதித்தால், காப்பீட்டுத் தொகையை 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது.

இந்த 5 லட்சத்தில் அசலும் வட்டியும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு சிறு நிதி வங்கி 8 சதவீதம் தருகிறது என்று அங்கே 4 லட்சத்தை மூன்று ஆண்டுக்குப் போட்டு, வட்டியை எடுக்காமல் விட்டால், முடிவில் அது சுமார் 5.07 லட்சமாக வளர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். அதிக வட்டி தரும் சிறிய வங்கிகளைத் தவிர்க்க வேண்டியதில்லை. முதிர்வுத் தொகை 5 லட்சத்துக்குள் அடங்குமாறு பார்த்துப் போட்டால், கூடுதல் வட்டியையும் பெறலாம், இரவில் தூங்கவும் செய்யலாம்.

இந்தக் காப்பீடு எவற்றுக்கு இல்லை என்பதைத் தமிழ்நாட்டு வாசகர் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் வைப்புக்கு இல்லை. "நிதி" என்ற பெயரில் இயங்கும் நிறுவனங்களின் வைப்புக்கு இல்லை. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு இல்லை. மாநில அரசுக்குச் சொந்தமான மின்நிதிக் கழகமும் போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகமும் இந்த வகையில்தான் வருகின்றன. அவற்றின் உரிமையாளர் அரசு என்பது ஒரு பலம், காப்பீடு இருக்கிறது என்பது வேறு பலம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளக் கூடாது. ஏலச்சீட்டு, 1982-ஆம் ஆண்டின் சிட்பண்டு சட்டப்படி பதிவு செய்யப்பட்டதாக இருந்தாலும், வைப்புத்தொகை அன்று. அவசரத்துக்கு மொத்தமாகப் பணம் புரட்டுவதற்கு அது ஒரு வழி. சேமிப்பின் வட்டியோடு ஒப்பிடத்தக்க பொருளாக அதைக் கருதுவது சரியில்லை. மாதம் பத்து, பதினைந்து சதவீதம் என்று எவர் சொன்னாலும் அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புக்குப் பணம் கட்டியவர்கள் 2012-இல் அதை இழந்து எந்த நிலைக்கு வந்தார்கள் என்பது கொங்கு மண்டலத்தில் இன்னும் மறக்கப்படவில்லை.

அஞ்சலகச் சேமிப்புக்கு 5 லட்சம் என்ற உச்சவரம்பெல்லாம் கிடையாது. முழுத் தொகைக்கும் இந்திய அரசே பொறுப்பு. வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யப்படுகிறது. 2025-இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கும் 8.2 சதவீதம், ஐந்தாண்டுத் தேசிய சேமிப்புச் சான்றிதழுக்கு 7.7 சதவீதம், பொது வருங்கால வைப்பு நிதிக்கு 7.1 சதவீதம் என்றிருந்தது. இவற்றில் முதலாவதில் 60 வயது நிறைந்தவர் 30 லட்சம் வரை போடலாம். நிரந்தர வைப்பைப் போட்டுவிட்டு மாதா மாதம் வட்டி வாங்கிக் குடும்பம் நடத்தும் பெற்றோர் உள்ள வீட்டில், வேறு எதையும் ஒப்பிடும் முன் இதை நிரப்பிவிடுவதே முறை.

சாதாரணச் சேமிப்புக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் அதன் வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. ரிசர்வ் வங்கி பணவீக்கத்துக்கு வைத்திருக்கும் இலக்கே 4 சதவீதம். ஒரு மாதச் செலவுக்கு மேற்பட்ட பணத்தை அங்கே வைத்திருப்பது, தெரிந்தே கரையவிடுவதாகும். அதே வங்கியில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டதைத் தானாகவே நிரந்தர வைப்புக்கு மாற்றி, தேவைப்படும்போது திருப்பி எடுத்துத் தரும் "ஸ்வீப்" வசதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

லிக்விட் ஃபண்ட் என்பது 91 நாளுக்குள் முதிரும் பத்திரங்களில் பணத்தை இடும் மியூச்சுவல் ஃபண்ட். ஏழு நாளுக்குப் பிறகு எடுத்தால் வெளியேறும் கட்டணம் இல்லை. விண்ணப்பித்த மறு வேலைநாளில் பொதுவாகப் பணம் வந்துவிடும். அவசரப் பணத்தில் ஒரு பகுதிக்கு இது பொருந்தும். ஆனால் இதையும், இதைவிட நீண்ட காலக் கடன் பத்திரங்களில் பணத்தை இடும் கடன் ஃபண்டுகளையும் வங்கி வைப்புக்குச் சமமாகக் கருதக் கூடாது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. முதலீட்டாளர்களுக்குப் பின்னர் பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது என்றாலும், அந்த ஆண்டு மே மாதத்தில் பணம் தேவைப்பட்டவருக்கு அது எந்த வகையிலும் உதவவில்லை.

வட்டி எண்ணை எப்படிப் படிப்பது

இங்கேதான் அதிக ஏமாற்றம் நடக்கிறது, அதுவும் சட்டத்துக்கு உட்பட்டே. "ஐந்தாண்டு வைப்புக்கு ஆண்டு ஈட்டு விகிதம் 8.30 சதவீதம்" என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும், அஞ்சலகத்தின் 7.7 சதவீதத்தைவிட இது மேல் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வைப்பின் உண்மையான வட்டி 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி. 1 லட்சம் ஐந்து ஆண்டில் 1,41,478 ரூபாயாகிறது. மொத்த வட்டியான 41,478-ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,296 ரூபாய் வரும். அதுதான் அந்த 8.30. சேமிப்புச் சான்றிதழில் 7.7 சதவீதம் என்பது ஆண்டுக் கூட்டுவட்டி. அதே 1 லட்சம் 1,44,903 ரூபாயாகிறது. எனவே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் விகிதத்தைக் கேட்காதீர்கள். "இன்று 1 லட்சம் போட்டால், இந்தத் தேதியில் கையில் எத்தனை ரூபாய் தருவீர்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். விளம்பரத்தின் எல்லா வித்தைகளும் அந்தக் கேள்வியில் அடங்கிவிடும்.

இடையில் எடுத்தால் என்னவாகும் என்பதையும் அதே நேரத்தில் கேட்டுவிட வேண்டும். ஐந்தாண்டு வைப்பைப் பதினான்காவது மாதத்தில் உடைத்தால், பெரும்பாலான வங்கிகள் ஐந்தாண்டு விகிதத்தைத் தருவதில்லை. பதினான்கு மாதத்துக்கு அன்றைக்கு இருந்த விகிதத்தை எடுத்து, அதிலிருந்தும் அரை முதல் 1 சதவீதம் கழிப்பார்கள். இதனால்தான் 6 லட்சத்தை ஒரே வைப்பாகப் போடுவதைவிட, இரண்டு லட்சமாகப் பிரித்து மூன்று ரசீதுகளாகப் போடுவது எப்போதும் நல்லது. உடைக்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

அடுத்தது வரி. நிரந்தர வைப்பின் வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி அடுக்கின்படி வரிக்கு உட்படும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு, 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்தால், 7 சதவீத வட்டியில் கைக்கு மிஞ்சுவது 4.82 சதவீதம், 20 சதவீத அடுக்கில் 5.54 சதவீதம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியின் காரணமாக வரியே இல்லாததால், அவருக்கு அந்த 7 சதவீதம் முழுதாகவே கிடைக்கிறது. ஒரே வங்கி, ஒரே விகிதம், இரண்டு வீட்டில் இரண்டு வருமானம். அண்டை வீட்டுக்காரர் சொல்லும் யோசனை அவருக்கு முற்றிலும் சரியாக இருந்தும் நமக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம். இந்தத் தள்ளுபடி பங்குகளை விற்று வரும் மூலதன ஆதாயத்துக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகளின் ஆதாயத்துக்கும் வரி அடுக்கின்படியே வரி. ஒரு சிறு வேறுபாடு மட்டும் எஞ்சியிருக்கிறது. வைப்பின் வட்டிக்கு ஆண்டுதோறும் வரி. ஃபண்டில் விற்கும் ஆண்டில் மட்டும் வரி. இன்று 30 சதவீத அடுக்கில் இருந்து, ஓய்வு பெற்றபின் குறைந்த அடுக்குக்கு இறங்கப் போகிறவருக்கு இது பயன்படும். மற்றவர்கள் இதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை.

பங்கு உத்திகளை அளக்க ஓர் அடிக்கோல்

ஏழு, எட்டு ஆண்டுக்கு மேல் தொடாமல் விடக்கூடிய பணத்துக்கே இந்தப் பகுதி பொருந்தும். இங்கே எந்த உத்தியையும் தனியாக நிறுத்தி நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ஏதாவதொன்றோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த ஒன்று, நிஃப்டி 50 அல்லது அதைப் போன்ற பரந்த குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டின், முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டமாக இருக்கட்டும். அறிவும் உழைப்பும் செலவழிக்காமல் எவருக்கும் கிடைக்கக்கூடிய வருவாய் அது. வேறெந்த உத்தியும் அதைவிடக் கூடுதலாகத் தந்தால்தான் அதற்கான உழைப்பும் கட்டணமும் நியாயமாகும்.

நிபுணர் நிர்வகிக்கும் ஃபண்டுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் சில குறியீட்டை வெல்கின்றன என்பது உண்மை. ஆனால் எது வெல்லும் என்பது பின்னர்தான் தெரிகிறது. கட்டணமோ முன்கூட்டியே தெரிகிறது. மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் எஸ்ஐபி எனும் மாதத் தவணை முறையில் போடுகிறீர்கள் என்று கொள்வோம். ஆண்டுக்கு 11 சதவீதம் கிடைத்தால் சுமார் 86.6 லட்சம் சேரும். கட்டணம் 1 சதவீதம் கூடுதலாகி 10 சதவீதமே கிடைத்தால் சுமார் 75.9 லட்சம். நீங்கள் போட்டது 24 லட்சம். அந்த ஒற்றைச் சதவீதம் எடுத்துக்கொண்டது 10 லட்சத்துக்கும் மேல். 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் இருக்க வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி விதித்திருக்கிறது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று தெரியாவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். திட்டத்தின் பெயரில் "டைரக்ட்" என்ற சொல் இல்லையென்றால் அது முகவர் வழித் திட்டம். உங்கள் முதலீட்டுக்காக முகவருக்குக் கொடுக்கப்பட்ட கமிஷன் எத்தனை ரூபாய் என்பதும் அதே அறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தொகைக்கு ஈடான ஆலோசனை உங்களுக்குக் கிடைக்கிறது என்றால், தாராளமாக அதிலேயே இருங்கள். சரிவின்போது பதறி விற்கவிடாமல் தடுக்கும் ஒரு நல்ல முகவர், வாங்கும் கமிஷனுக்கு மேலாகவே சம்பாதித்துக் கொடுத்துவிடுவார்.

ஈவுத்தொகைக்காகப் பங்கு வாங்குவது நம் ஊரில் மூத்தவர்களுக்குப் பிடித்த வழி. வங்கி வட்டியைப்போல் ஆண்டுதோறும் பணம் வருகிறது என்பது அவர்களின் வாதம். 2020 ஏப்ரலிலிருந்து ஈவுத்தொகை வாங்குபவரின் வருமானத்தோடு சேர்த்து, அவருடைய அடுக்கின்படி வரி விதிக்கப்படுகிறது. மாறாக, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்று வரும் ஆதாயத்துக்கு, ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். உயர்ந்த அடுக்கில் இருப்பவர், பணம் தேவைப்படும்போது கொஞ்சம் விற்றுக்கொள்வது அவருக்குக் கணக்கில் மேல். ஈவுத்தொகை கொடுத்த நாளில் பங்கின் விலையும் ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்குகிறது என்பதால், அது ஆகாயத்திலிருந்து விழுந்த பணமும் அன்று.

அண்மையில் பேசப்படும் மொமெண்டம் உத்திக்கு ஓர் எச்சரிக்கை போதும். விலை ஏறிக்கொண்டிருக்கும் பங்குகளைத் தொகுக்கும் நிஃப்டி 200 மொமெண்டம் 30 குறியீடு தொடங்கப்பட்டது 2020-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குக் காட்டப்படும் உயர்ந்த வருவாய், அன்று எவர் கைக்கும் வந்த பணமன்று, பின்னோக்கிப் போட்ட கணக்கு. 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து 2025 மார்ச் வரை நிஃப்டி 50 சுமார் 16 சதவீதம் இறங்கியபோது, இது அதைவிட மிக ஆழமாக இறங்கியது. அந்த இறக்கத்தை உட்கார்ந்து பார்த்திருக்க முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்ட பிறகே இதில் இறங்கலாம்.

பங்கின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும், எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தை முதலீட்டு உத்திகளின் வரிசையில் வைப்பதே தவறு. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த செபி, அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் 2024 செப்டம்பரில் அறிவித்தது. 2024-25-க்கான கணக்கில் அந்த விகிதம் 91 சதவீதம். டெலிகிராம் குழுவில் லாபப் படத்தைப் போடுகிறவர் மீதி 9 சதவீதத்தில் ஒருவர் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

தானே பங்கு தேர்ந்தெடுப்பவருக்கு

இதைத் தடுக்க வேண்டும் என்பது என் எண்ணமன்று. தான் வேலை பார்க்கும் தொழிலை நன்கு அறிந்தவர், ஆண்டறிக்கையைப் பொறுமையாகப் படிக்கக்கூடியவர், நல்ல வருவாய் பெறுவது நடக்கக்கூடியதே. ஆனால் பெறுகிறோமா என்பதை அளந்து பார்ப்பவர் மிகச் சிலர். பெரும்பாலோர் மூன்று மடங்கான ஒரு பங்கை நினைவில் வைத்துக்கொண்டு, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கின் அடியில் சிவப்பாகக் கிடக்கும் ஏழு பங்குகளைக் கண்ணில் படாமல் தள்ளிவிடுகிறார்கள்.

அளப்பதற்கு ஒரு விரிதாளும் அரை மணி நேரமும் போதும். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் தொகை. பங்கு வாங்கப் போன பணத்தைக் கழித்தல் குறியோடும், விற்று வந்த பணத்தையும் ஈவுத்தொகையையும் கூட்டல் குறியோடும் எழுதுங்கள். தரகுக் கட்டணம், பங்கை அன்றே விற்காமல் கணக்கில் எடுத்துக்கொள்ளும் டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் போகும் பரிவர்த்தனை வரி எல்லாம் தொகையிலேயே அடங்கியிருக்கட்டும். கடைசி வரியில் இன்றைய தேதியும், இன்று கையிலுள்ள எல்லாப் பங்குகளின் மதிப்பும். அதன்பின் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) என்னும் சூத்திரத்தைப் போட்டால், வெவ்வேறு நாளில் போட்ட பணத்துக்கான உண்மையான ஆண்டு வருவாய் வந்துவிடும்.

இந்தச் சூத்திரம் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 10,000 வீதம் ஓராண்டு போட்ட 1,20,000 ரூபாய் இன்று 1,28,000 ஆகியிருக்கிறது. செயலியில் 6.67 சதவீதம் லாபம் என்று காட்டும். எஃப்டியே மேல் என்று தோன்றும். கடைசி மாதம் போட்ட 10,000 ஒரு மாதமே உழைத்தது என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஆண்டுக் கணக்கில் அந்த வருவாய் சுமார் 12.5 சதவீதம். மறுபுறம், "பத்து ஆண்டில் பணம் இரட்டிப்பு, 100 சதவீத லாபம்" என்பதை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 7.2 சதவீதம்தான்.

இப்போது பக்கத்தில் இன்னொரு தாள். நீங்கள் பங்கு வாங்கிய அதே தேதிகளில், அதே தொகைகளை ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் எத்தனை யூனிட் (ஃபண்டின் அலகு) கிடைத்திருக்கும் என்று எழுதுங்கள். பழைய யூனிட் விலைகள் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் கிடைக்கின்றன. ஃபண்டுக்குள் வரும் ஈவுத்தொகை அதன் யூனிட் விலையிலேயே சேர்ந்துவிடுவதால், ஒப்பீடு நேராக இருக்கும். வெறும் நிஃப்டி புள்ளிகளோடு ஒப்பிட்டால் ஈவுத்தொகை விடுபட்டு, உங்கள் சாமர்த்தியம் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் மிகையாகத் தெரியும். ஃபண்ட் நிறுவனங்களே 2018 பிப்ரவரியிலிருந்து ஈவுத்தொகை சேர்ந்த குறியீட்டோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்று செபி கட்டாயப்படுத்தியிருக்கிறது. ஐந்து ஆண்டுக் கணக்கில் உங்கள் தாள் முந்தினால் தொடருங்கள். பிந்தினால் புதிய பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டுக்குத் திருப்பிவிட்டு, பங்கு தேர்வை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் ஆசைக்காக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்க, திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்கராக இருக்கும் 43 வயதுக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு வருமானம் 9.6 லட்சம், புதிய வரி முறை. மாதக் குடும்பச் செலவு 35,000. கையில் 15 லட்சம், எல்லாம் ஒரே கூட்டுறவு வங்கியில் ஒரே ரசீதாக இருக்கிறது. மகள் நான்கு ஆண்டில் கல்லூரியில் சேர்வாள். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 8 லட்சம் வேண்டும்.

முதல் வேலை, அந்த ஒற்றை ரசீது முதிரும் நாளில் அதைப் பிரிப்பது. 10 லட்சம் காப்பீட்டுக்கு வெளியே நிற்பதால், அங்கே கால் சதவீதம் கூடுதல் வட்டி என்பது ஒரு பொருட்டே அன்று. 2.1 லட்சம் அவசரப் பணம்: ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில், மீதி ஸ்வீப் வைப்பிலும் லிக்விட் ஃபண்டிலும். கல்லூரிப் பணத்தை நான்கு தேதிகளாகப் பிரித்தால், முதல் 2 லட்சம் நான்காண்டு வங்கி வைப்புக்கும், இரண்டாவது 2 லட்சம் ஐந்தாண்டுச் சேமிப்புச் சான்றிதழுக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆறாம், ஏழாம் ஆண்டுக்கானவை வேறு இரு வங்கிகளின் வைப்பில் இருக்கலாம். இவருக்கு வரியே வராது என்பதால், வரி சேமிக்கும் திட்டம் என்று எவராவது எதையாவது கொண்டுவந்தால் கேட்க வேண்டியதில்லை. எஞ்சும் 4.9 லட்சம் ஓய்வுக்காலத்துக்கானது. பதினைந்து ஆண்டுக்கு மேல் இருப்பதால் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகலாம். சந்தை ஏறும் காலங்களே அதிகம் என்பதால் மொத்தமாகப் போடுவது கணக்கில் பெரும்பாலும் முந்தும். ஆனால் இதுவரை பங்குப் பக்கமே தலைவைக்காதவர் பன்னிரண்டு மாதத் தவணையாகப் போட்டு, ஓர் இறக்கத்தையாவது சிறு தொகையோடு கண்டுகொள்வது அவரை உள்ளே நிலைக்கவைக்கும். இனி மாதா மாதம் மிச்சமாவது, சம்பளம் வந்த மறுநாளே எஸ்ஐபியாகப் பிடித்தமாகட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், தேதித் தாளை எடுத்து, ஐந்து ஆண்டுக்குள் நெருங்கிவிட்ட தொகை ஏதேனும் பங்கில் இருந்தால் வைப்புக்கு மாற்ற வேண்டும். அப்போதே எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனத்தைச் சரிபார்த்துவிடலாம். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கு ஒன்றுக்கு நான்கு பேர் வரை நியமிக்கவும், அவரவருக்கு எத்தனை சதவீதம் என்று குறிப்பிடவும் இடமுண்டு. தாளின் ஒரு படியும், ரசீதுகள் இருக்கும் இடமும் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.